முகத்துவாரத்தில் நாலாவது ஊர்

போன மாதம் புவனா போன் செய்தாள். முகாமின் எஸ்டேட் பிரிவில் நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். மக்கள் தொகைக் கணக்கெடுப்பை இந்த முறை மொபைலில் செய்ய வேண்டுமாம், அதற்குப் பயிற்சி கொடுத்தார்களாம். மொபைலைத் திறந்தால் எங்கள் முகாம் தனி ஊர் என்று காட்டுகிறதாம். “ராணுவ முகாம் எப்படி சார் ஊராகும்? நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?” என்று கேட்டாள். தப்பாக ஒன்றும் அமுக்கவில்லை, அது ஊர்தான் என்றேன். யார் சொன்னது என்றாள். சர்க்கார் எப்போதோ சொல்லிவிட்டது, நாங்கள்தான் நம்பவில்லை, கடைசியில் இறால் பிடிக்கிறவர்கள் சொல்லித்தான் நம்பினோம் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனில் சொல்லித் தீராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலையை விட்டு வந்தவனிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

முகாமின் பெயரை எழுத மாட்டேன். எழுதுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் பட்டையில் ஓர் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பக்கம் படகில் போகிற எல்லாருக்கும் அது எங்கே என்று தெரியும். ரகசியம் காப்பது நான் மட்டும்தான்.

எங்கள் குடும்பம் பழவேற்காட்டில் ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு ஏற்றிய குடும்பம். என் காலத்துக்கு வரும்போது கப்பலும் போய்ச் சரக்கும் போய்ப் பெருமை மட்டும் மிச்சமிருந்தது. அதை வைத்துச் சோறு பொங்க முடியாது என்பதால் முகாமில் சிவிலியன் வேலைக்கு மனுப் போட்டேன். அம்மா வழியில் உருது வரும், கடைத்தெருவில் தெலுங்கு ஒட்டிக்கொண்டது, தமிழ் சொல்லவே வேண்டாம். அதிகாரிகளிடம் இந்தியும் குப்பத்தில் தமிழும் பேச ஓர் ஆள் தேவைப்பட்ட நேரம் அது. எடுத்துக்கொண்டார்கள். முதல் சில வருடங்கள் குழாய், மின்விசிறி, கரையான் என்று கழிந்தன. சொல்லும்படி ஒன்றும் இல்லை.

வெளியில் இருப்பவர்கள் முகாம் என்றால் துப்பாக்கியும் அணிவகுப்பும் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த முகாம் கொடியில் காயும் துணியாலும் குக்கர் விசிலாலும் ஆனது. மலையாளியின் வீட்டுக்கு எதிரே பஞ்சாபி, மாடியில் ஒடியா, பக்கத்தில் மணிப்பூர். யார் வீட்டுத் தண்ணீர் யார் துணிமேல் சொட்டியது என்ற வழக்கு என் மேசைக்கு வராத நாளே கிடையாது. மலையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் ஜன்னல் கம்பி ஏன் இப்படித் துருப்பிடிக்கிறது என்று என்னிடம் கோபப்படுவார்கள், கடலை நான்தான் அங்கே கொண்டுவந்து வைத்ததைப் போல. பள்ளிக்கூடம் உண்டு, கேன்டீன் உண்டு, எல்லாச் சாமிகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்த பிரார்த்தனைக் கூடம் உண்டு. குப்பத்து நாய்கள் பாஸ் இல்லாமல் வந்து போகும்.

கணக்கெடுப்புக் காலத்தில் வெளியாள் உள்ளே வர முடியாது. எங்களில் ஒருவரையே எண்ணுகிறவராக்கி அனுப்புவார்கள். அது என் தலையில் விழும். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால் கணவர் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து பதில் வரும். எல்லாம் முடிந்து தாலுகாவிலிருந்து தகவல் வரும்போது எங்கள் முகாம் தனி ஊராகத் தன் பெயரோடு நிற்கும். எங்கள் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். பிறந்தவன் எவனும் தங்காத ஊர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் மூட்டை கட்டுகிற ஊர். இது ஊரென்றால் எழும்பூர் ரயில் நிலையமும் ஊர்தான் என்பேன்.

என் இன்னொரு வேலை சிவப்புக் கொடி. செவ்வாயும் வெள்ளியும் முகாமில் துப்பாக்கிப் பயிற்சி. குண்டு கடலை நோக்கிப் போகும் என்றாலும் ஏரி கடலில் சேருகிற முகத்துவாரமும் ஆபத்து எல்லைக்குள் வந்துவிடும். பயிற்சி அறிவிப்பை நான் மூன்று மீனவ ஊர்களுக்கும் எடுத்துப் போக வேண்டும். தலைவர்களிடம் கொடுத்தால் மட்டும் போதாது, அம்மன் கோயில் முன்னால் நின்று உரக்கப் படித்துவிட்டு வர வேண்டும். பயிற்சியன்று காலையில் மணல்மேட்டின் இரண்டு முனையிலும் கொடி ஏறும். நான் தொலைநோக்கியில் முகத்துவாரத்தைப் பார்த்து ஒரு படகுகூட இல்லை என்று வாயால் சொன்ன பிறகுதான் முதல் குண்டு. கண் ஜாடை, தலையாட்டல் எதுவும் செல்லாது. வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கு நான் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்லப்போவது நடந்த வருடம் கமாண்டராக இருந்தவர் பிஷ்ட் சார், குமாவுன் மலைக்காரர். ஒல்லியாக, உயரமாக, எந்தக் காகிதத்தையும் நின்றுகொண்டே படிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் முழுவதும் கேட்டுவிட்டு “நோட்டட்” என்பார். அது சரி என்றும் அர்த்தமில்லை, மாட்டேன் என்றும் அர்த்தமில்லை. வெளியே வந்து நாங்கள் அந்த நோட்டட்டின் நீள அகலத்தை அளந்துகொண்டிருப்போம். குப்பத்தில் அவருக்குப் பெயர் பிஸ்து சார். ஒரு நாள் அதற்கு அர்த்தம் கேட்டார். உங்கள் பெயர் அவர்கள் வாயில் அப்படி வருகிறது, தற்செயலாக அதற்குக் கெட்டிக்காரர் என்று ஓர் அர்த்தமும் உண்டு என்றேன். அதற்கும் நோட்டட் என்றார்.

இப்போது பாடு என்றால் என்ன என்று புவனாவுக்குச் சொல்ல வேண்டும். அவள் தஞ்சாவூர்ப் பெண். ஏரியில் எல்லா இடத்திலும் எல்லாரும் எப்போதும் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில்தான் இறால் மொய்க்கும். அதனால் மூன்று ஊரும் முறை வைத்துக்கொள்கின்றன. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வாரத்தில் ஊருக்கு இரண்டு நாள், ஞாயிறு யாரும் வலை இறக்குவதில்லை. எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதை மழைக்காலத்துக்கு முன்னால் அம்மன் சன்னதியில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். விழுந்த சீட்டு விழுந்ததுதான், சீசன் முடியும்வரை யாரும் மாற்றக் கூடாது. தவறிய பாட்டுக்கு ஈடும் கிடையாது.

அந்த வருடம் செவ்வாயும் வெள்ளியும் கீழ்த்திட்டுக்கு விழுந்தன. மூன்றிலும் சின்ன ஊர் அதுதான். அவர்களின் இரண்டு நாளும் எங்கள் கொடியின் கீழே போயின. மற்ற இரண்டு ஊரும் வலை நிறைய இறால் அள்ளும்போது கீழ்த்திட்டு ஆட்கள் கரையில் நின்று எங்கள் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கீழ்த்திட்டின் தலைவர் ஏழுமலை பேசாமல் இருக்கவில்லை. முகாமில் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு குறைகேட்பு நாள் உண்டு. அதற்கு வந்து எழுந்து நின்று, செவ்வாய் வெள்ளியில் சுட்டு எங்கள் பாட்டைக் கெடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அன்று நான் அக்கா மகள் நிக்காஹுக்காக லீவு. மொழிபெயர்த்தவர் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த இளம் லெப்டினன்ட், தங்கமான பிள்ளை. ஏரிக்கரையில் பாடு என்றொரு சொல் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பாட்டு என்றாலும் பாட்டைத்தான், பாடு என்றாலும் பாட்டைத்தான். செவ்வாய், வெள்ளி வேறு அம்மனுக்கு உகந்த நாள். கோயிலில் பாடுகிறார்களாம், சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதாம் என்று இந்தியில் சொல்லிவிட்டார். பிஷ்ட் சார் பக்திமான். மனம் இளகி, அந்த இரண்டு நாளும் பயிற்சியை மாலைப் பூசைக்கு வெகு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்காக விடிந்ததும் விடியாததுமாகச் சுட ஆரம்பித்தோம்.

இறால் கட்டுவது விடியற்காலையில்தான். கெடாமல் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச நேரமும் அத்தோடு போயிற்று.

லீவு முடிந்து வந்த எனக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வைத்தவர் தேசம்மா. கீழ்த்திட்டுக்காரர், குவார்ட்டர்ஸில் மீன் விற்கப் பாஸ் வைத்திருந்த ஒரே பெண். எல்லா மாநிலத்து மொழியிலும் புதுசு என்ற சொல்லைச் சொல்லத் தெரிந்தவர், கில்லாடி. செவுளைத் தூக்கிக் காட்டி ‘தாஜா, தாஜா’ என்றால் பஞ்சாபிகள்கூட மீன் வாங்குவார்கள். அந்தச் சீசனில் அவர் கூடையில் கெளுத்தியும் பொடி மீனும்தான் இருந்தன. எங்கள் குவார்ட்டர்ஸில் சென் என்ற வங்காளி அதிகாரியின் மனைவி இறால் இல்லாத வாழ்க்கை வாழ்க்கையே இல்லை என்ற கட்சி. அந்த அம்மாள் நேரே எஸ்டேட் ஆபீசுக்கு வந்து, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதுபோல, இறால் வரவில்லை என்று என்னிடம் புகார் கொடுத்தார். நான் தேசம்மாவைக் கூப்பிட்டு இறால் எங்கே என்று சும்மா கேட்டேன். அந்தம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா பாய், தெரியாத மாதிரி கேக்கறே? எங்க பாட்டைத்தான் நீங்க எடுத்துகினீங்களே. முன்னாடியாவது கொடி ஏறறதுக்குள்ள அரை வலை கட்டுவோம். ஏழுமலை அண்ணன் வந்து பேசிட்டுப் போனதுலேர்ந்து விடியறப்பவே டுமீல்னு ஆரம்பிச்சிட்டீங்க. ஞாயம் கேட்டதுக்குத் தண்டனையா?”

பேசும்போதே அவர் குரல் உடைந்தது. மூத்த மகன் வலையை விற்றுவிட்டுத் துறைமுகத்தில் கேட் காவலுக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டானாம். கீழ்த்திட்டில் இன்னும் சில வீடுகளிலும் இதே பேச்சாம். இந்த மழைக்கும் பாடு இல்லையென்றால் அடுத்த சீட்டுக்கு வர அந்த ஊரில் ஆளே இருக்காது. முதல் குண்டுக்கு முன்னால் படகு இல்லை என்று வாயால் சொல்கிறவன் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை சுடலாமே என்று முதலில் தோன்றியது. ஞாயிறு குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் லீவு, அதைச் சொன்னாலே என்னைத்தான் சுடுவார்கள். கிழமையை மாற்றி மாற்றிச் சுடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். தேசம்மா தலையை ஆட்டினார். மற்ற ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள், அது அம்மன் கொடுத்த சீட்டு என்றார். பிறகு கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டே சொன்னார்:

“நீங்களும் ஒரு ஊர்தான் பாய். பொண்டாட்டி புள்ளையோட குடி இருக்கறீங்க, சாமி கும்பிடறீங்க, சண்டை போடறீங்க. ஊருன்னா வந்து சீட்டு போட்டு உங்க பாட்டை எடுத்துக்கங்க. அடுத்தவன் பாட்டை ஏன் எடுக்கறீங்க?”

அந்தம்மா ஆத்திரத்தில் சொன்ன பேச்சுதான். எனக்கு அது மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. சீசன் நடுவில் சீட்டை மாற்றக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. புதிதாக ஓர் ஊர் பாட்டில் சேர்ந்தால் எல்லாரும் மறுபடி சீட்டுப் போட வேண்டும். நாலு ஊர் என்றால் ஆறு நாளைச் சரியாகப் பங்கு வைக்க வராது. அப்போது கிழமையை விட்டுவிட்டு, ஞாயிறு நீங்கலாக, நாளுக்கு ஓர் ஊர் என்று சுற்றாகப் போவார்கள். நாலாவது ஊர் நாங்கள் என்றால் எங்கள் முறை வருகிற நாளில் மட்டும் சுடுவோம். யார் பாடும் கெடாது. எல்லாருக்கும் கொஞ்சம் குறையும், ஆனால் ஓர் ஊர் மட்டும் சாகாது. சர்க்கார் கணக்கில் நாங்கள் ஏற்கெனவே தனி ஊர். இத்தனை நாள் கேலி பண்ணிய விஷயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பிஷ்ட் சார் அறைக்குப் போனேன்.

முதலில் பாட்டு வேறு, பாடு வேறு என்று புரிய வைத்தேன். பாடு என்றால் இந்தியில் ‘பாரி’, முறை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தான் உபகாரம் என்று நினைத்துச் செய்தது அவர்கள் வயிற்றில் அடித்துவிட்டது என்று தெரிந்ததும், அவர் அன்றுதான் முதல்முறையாக என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். லெப்டினன்ட் பாவம், மூலையில் நின்று காது சிவந்துபோனார். உங்கள் ஊரில் கடலும் இல்லை, இறாலும் இல்லை, உங்கள்மேல் என்ன குற்றம் என்று அவரைத் தேற்றினேன். பிறகு நாலாவது ஊர் யோசனையைச் சொன்னேன். ராணுவ முகாம் மீனவர்களோடு சீட்டுப் போடுவதா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. ஊர் என்றால் தலைவர் வேண்டுமே, அது யார் என்றார். நீங்கள்தான் என்றேன். நோட்டட் என்றார். ஆனால் அன்றைக்கே கேன்டீனிலிருந்து ஆள் அனுப்பி வெற்றிலை பாக்கு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார், அதனால் அந்த நோட்டட்டை நான் அளக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கீழ்த்திட்டு அம்மன் கோயில் முன்னால் மூன்று ஊர்த் தலைவர்களும் கூடினார்கள். பிஷ்ட் சார் சீருடை போடாமல் வெள்ளைச் சட்டையில் வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கை வைத்து, நான் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கையாலும் நீட்டினார். பெரிய ஊரின் தலைவர் கன்னியப்பன் தட்டைப் பார்த்தாரே தவிரத் தொடவில்லை. அவர் பேரம் பேசாமல் உப்புக்கூட வாங்க மாட்டார். எங்களுக்கு என்ன அம்மன் என்று கேட்டார். எல்லாச் சாமியும் ஒரே கூடத்தில் இருக்கிறது, அம்மனும் உண்டு என்றேன். இந்தக் கரையில் உங்களுக்குச் சொந்தக்காரன் எவன் என்றார். நான்தான் என்றேன். நீ பழவேற்காட்டுக்காரன் என்றார். சம்பளம் அங்கே, சாப்பாடு அங்கே, அப்புறம் நான் எந்த ஊர் என்று திருப்பிக் கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஏழுமலை அதிகம் பேசவில்லை. செவ்வாயும் வெள்ளியும் இந்த வருடம் எங்களுக்கு விழுந்தது, அடுத்த வருடம் உங்களுக்கு விழாது என்று அம்மன் எழுதிக் கொடுத்திருக்கிறாளா என்று மட்டும் கேட்டார். கன்னியப்பன் அதை விட்டுவிட்டு நிபந்தனைக்கு வந்தார்.

“சரி, ஊர்னா எல்லாத்துலயும் ஊர்தான். எங்க ஊட்டுப் பொம்பளைக்கு நோவு எடுத்தா உங்க ஆம்புலன்ஸ் வரணும். அப்புறம் எந்த ஊர்ல சாவு விழுந்தாலும் எடுக்கறவரைக்கும் யாரும் வலை இறக்க மாட்டோம். நீங்களும் சுடக்கூடாது.”

நான் மொழிபெயர்த்தேன். ஆம்புலன்சுக்குப் பிஷ்ட் சார் உடனே சரி என்றார், நோட்டட் இல்லை, சரி. இரண்டாவதுக்குத் தயங்கினார். பயிற்சி நாள் மேலிடத்துக்குப் போய் அனுமதி பெற்று வருகிறது. ஒரு சாவுக்காக அதை நிறுத்தினால் காரணம் என்னவென்று எழுதுவது, சாவை உறுதி செய்து தெரிவிப்பது யார் என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். கன்னியப்பனிடம் கேட்டேன். ஓர் ஆள் வந்து கேட்டில் சொல்லுவான், அவ்வளவுதான் என்றார். பிஷ்ட் சார் ஏரிப் பக்கம் திரும்பினார். கீழ்த்திட்டுக்காரர்கள் அவரையே பார்த்தார்கள். தேசம்மா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிறகு பிஷ்ட் சார் எங்கள் மலையிலும் அப்படித்தான், சாவு வீடு இருந்தால் ஏர் பூட்ட மாட்டோம் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் கன்னியப்பன் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டார்.

சீட்டில் முதல் பாடு பெரிய ஊருக்கு, அடுத்தது எங்களுக்கு, மூன்றாவது இன்னொரு மீனவ ஊரான நடுத்திட்டுக்கு, கடைசி கீழ்த்திட்டுக்கு. பிஷ்ட் சார் தன் சீட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது நான் பார்த்த சிரிப்பு, பதவி உயர்வு வந்த நாளில்கூட அவர் முகத்தில் வந்ததில்லை. மேலிடத்துக்கு அவர் என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. அம்மனைப் பற்றி ஒரு வார்த்தையும் இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம். பயிற்சி நாட்களுக்கு மாற்றம் அனுமதித்துப் பதில் வந்தது. குப்பத்தில் அன்றிலிருந்து எங்கள் துப்பாக்கிப் பயிற்சிக்கே முகாம் பாடு என்று பெயர். இன்னிக்கு யார் பாடு என்று கேட்டால், “இன்னிக்கு பிஸ்து பாடு, போய் வலை பொத்து” என்பார்கள், கிழிந்த வலையைத் தைக்கிற நாள் என்று அர்த்தம்.

அந்த வருடம் மழை தாமதமாக வந்து ஒரேயடியாகக் கொட்டியது. ஏரி நிரம்பி முகத்துவாரம் வழியாக வெள்ளம் கடலுக்குப் பாய்ந்தது. வெள்ளம் வடியும்போதுதான் இறால் கூட்டம் கூட்டமாக வெளியே வரும். வருடம் முழுவதும் காத்திருப்பது அந்தச் சில நாளுக்குத்தான். பெரிய ஊருக்கும் நடுத்திட்டுக்கும் நன்றாக விழுந்தது. அடுத்த நாள் கீழ்த்திட்டின் பாடு. தேசம்மா முந்தின நாள் வந்து குவார்ட்டர்ஸில் வீடு வீடாக, நாளைக்கு இறால் கொண்டுவருகிறேன், பாத்திரத்தைக் கழுவி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சென் அம்மாள் என் மேசைக்கே வந்து தகவல் தெரிவித்தார். தேசம்மாவின் மகனும் துறைமுகப் பேச்சை ஒத்திப் போட்டுவிட்டு வலையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழ்த்திட்டின் பாடு வந்த அன்று விடியற்காலை எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஹவில்தார் ரத்தன் சிங்கின் அப்பா, மலைக்காரர். மகனோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். தினமும் வெயில் ஏறும்வரை வேலி ஓரம் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவு தண்ணீரை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஊருக்குக் கொண்டுபோக முடியாத தூரம் என்பதால் இங்கேயே எரிப்பதென்று முடிவானது. நான் செய்தி கேட்டு வரும்போது ரத்தன் சிங்கின் மனைவி படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஆளுக்கொரு பாஷை, ஆளுக்கொரு வழக்கம், அந்த அம்மாவோடு சேர்ந்து எப்படி அழுவதென்று யாருக்கும் தெரியவில்லை.

பிஷ்ட் சார் என்னைக் கூப்பிட்டார். இன்று கீழ்த்திட்டின் நாள், செய்தி அவர்கள் காதுக்குப் போனால் குழம்புவார்கள், இது நம் வீட்டு விஷயம், அவர்கள் வலை இறக்கலாம் என்று நீயே போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். ஜீப்பில் போனேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. பால்காரர் சொல்லியிருக்கிறார்.

கீழ்த்திட்டுக் கரையில் படகெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தது. வலையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். முகத்துவாரத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது, கரையிலிருந்தே இறால் துள்ளுவது தெரிந்தது. எனக்குப் பதறியது. ஏழுமலையிடம் ஓடி, கமாண்டரே சொல்லி அனுப்பினார், நீங்கள் இறங்கலாம், இறந்தவர் வடக்கே எங்கேயோ மலையில் இருப்பவர், யாரென்றே உங்களுக்குத் தெரியாது, இந்தப் பாடு போனால் திரும்ப வராது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இன்னா பாய் பேசறே? சீட்டு போட்டது நீயும்தானே. ஊர்ல சாவு விழுந்துகிது, வலை எப்படி இறங்கும்?”

தேசம்மாவின் மகனைப் பார்த்தேன். அவன் ஏரியைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் வலையை அவிழ்க்கவில்லை. நான் ஜீப்பில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன்.

நான் கேட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அவர்களும் வந்தார்கள். கீழ்த்திட்டுப் பெண்கள், பின்னால் மற்ற இரண்டு ஊர்ப் பெண்களும். கூடை இல்லை, தலையை முடியாமல் விரித்துவிட்டிருந்தார்கள். மணல் பாதையிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. காவலுக்கு நின்ற சிப்பாய் புதியவன், அஸ்ஸாம்காரன். இத்தனை பேருக்கும் பாஸ் எழுதவா, யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று போடுவது என என்னைக் கேட்டான். இறந்தவரின் பெயர்கூட அந்தப் பெண்களுக்குத் தெரியாது, வேலியோரம் உட்கார்ந்திருப்பாரே அந்தக் கிழவர் என்று தேசம்மா சொல்லிக் கேட்டதோடு சரி. இருந்தும் அவர்கள் அவரை அப்பா என்று கூப்பிட்டு, ஏரியைப் பார்த்த கண்ணே என்று அழுதார்கள். சாவுக்கு வந்தவர்களிடம் பாஸ் கேட்கிற ஊர் இந்தக் கரையில் கிடையாது என்று அவனிடம் இந்தியில் சொன்னேன். அவனுக்கு அது உத்தரவில் இல்லை. விழித்தான்.

எனக்குப் பின்னாலிருந்து பிஷ்ட் சார் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தடுப்புக் கட்டையைத் தானே தூக்கினார். எல்லாரும் உள்ளே போகிறவரை கீழே விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தேசம்மாதான் முன்னால் நடந்தார். குவார்ட்டர்ஸில் எந்த வீடு என்று அவருக்குத்தான் தெரியும்.